கணினியின் துயிலும் விழிப்பும்

நெசவாளர் ஒருவர் மாலையில் தறியை விட்டு எழுகிறார். பாவும் ஊடையும் இருந்தபடியே இருக்கின்றன. மறுநாட் காலையில் வந்து அமர்ந்து, நேற்றைய கடைசி இழைக்கு அடுத்த இழையை ஓட்டத் தொடங்குகிறார். தறி அவருக்காக அதே நிலையில் காத்திருந்தது. கணினிக்கு இஃது எளிதன்று. அது கணக்கிடும் எண்களும், நாம் எழுதும் எழுத்துகளும், திறந்து வைத்திருக்கும் ஏடுகளும் நினைவகம் என்னும் உறுப்பில் தங்கியிருக்கின்றன. மின்சாரம் நின்றதும் அவை யாவும் அழிந்துபோகும். அங்ஙனம் அழியாமல் காத்து, விட்ட இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கச் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை ஹைபர்னேஷன் என்பர். பனிக்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும் விலங்குகளின் நிலைக்கு உயிரியலார் வழங்கும் பெயர் அது.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் மாணவர் பலர் இவ்வேற்பாட்டைப் பற்றி ஒரே குறையை என்னிடம் கூறியிருக்கின்றனர். "சில நாள் ஒழுங்காக விழிக்கிறது, சில நாள் விழிப்பதில்லை" என்பதே அது. அந்தச் 'சில நாள்' என்னும் சொல்லைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். மனிதருக்கு ஒரு நாள் மனம் சரியாக இருக்கும், மறுநாள் இராது. எந்திரத்துக்கு மனம் கிடையாது. ஆகவே அது சில நாள் மட்டும் பிழை செய்கிறது என்றால், அந்நாள்களில் மட்டும் நிலவிய ஏதோ ஒரு சூழல் நம் கண்ணில் படவில்லை என்பதே பொருள். அச்சூழலைத் தேடிக் காண்பதே பழுது பார்க்கும் கலை.

முதலில், உறக்கம் இருவகை என்பதை அறிந்துகொள்வோம். நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் அளித்து, ஏனைய உறுப்புகளை ஓய்வுறச் செய்வது ஒருவகை. அதனைக் குறுந்துயில் என்று அழைப்போம். விழிப்பு நொடிப்பொழுதில் வரும். ஆனால் மின்கலம் தீர்ந்துவிட்டால் நினைவகத்தில் உள்ளவை போய்விடும். நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதி வைத்துவிட்டு, மின்சாரத்தை அணைத்தே விடுவது மற்றொரு வகை. இதுவே ஹைபர்னேஷன். இதனை நெடுந்துயில் என்போம். ஒரு வாரம் கழித்து வந்து பொத்தானை அழுத்தினாலும், வேலை விட்ட இடத்திலேயே இருக்கும். 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஏசிபிஐ என்னும் பொது விதித்தொகுப்பு இந்நிலைகளுக்கு எண் இட்டுள்ளது. குறுந்துயில் எஸ்-3 எனவும், நெடுந்துயில் எஸ்-4 எனவும் அதில் வழங்கப்படுகின்றன.

லினக்ஸ் 1991இல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் மையமான நிரலைக் கெர்னல் என்பர். நெடுந்துயிலுக்குரிய பகுதி 2002இல், கெர்னலின் 2.5 என்னும் வளர்ச்சி வரிசையில் சேர்ந்தது. கபோர் குட்டி, பாவெல் மாசெக் ஆகியோர் அதனை ஆக்குவதில் முன்னின்றனர். பின்னர் ரஃபேல் விசோக்கி முதலியோர் அதனைத் திருத்தியும் விரித்தும் வந்திருக்கின்றனர்.

நெடுந்துயில் எவ்வாறு நடைபெறுகிறது? சதுரங்க ஆட்டம் ஒன்றைப் பாதியில் நிறுத்த வேண்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் ஆடுவோர் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். காய்கள் நகர்ந்துகொண்டிருக்கும்போது நிலையைக் குறித்தெழுத இயலாதன்றோ? பின்னர் எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறோம். காய்களைப் பெட்டியில் இட்டுப் பலகையை மடித்து வைக்கிறோம். மறுநாள் தாளைப் பார்த்துக் காய்களை அடுக்கி ஆட்டத்தைத் தொடர்கிறோம்.

கணினி செய்வதும் இதுவே. முதற்படியாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே உறையச் செய்யப்படுகின்றன. அடுத்து, திரை, ஒலி, வலையிணைப்பு முதலிய சாதனங்களுக்கு உரிய இயக்கிகள் அவற்றை அமைதியுறச் செய்கின்றன. அதன்பின், பல செயலிகளில் ஒன்றைத் தவிர மற்றவை நிறுத்தப்படுகின்றன. அந்த அமைதியில் நினைவகத்தின் படிமம் ஒன்று எடுக்கப்படுகிறது. பிறகு வட்டில் எழுதும் பொருட்டுச் சாதனங்கள் மறுபடி எழுப்பப்பட்டு, அப்படிமம் சுருக்கப்பெற்று, ஸ்வாப் என்னும் பகுதியில் எழுதப்படுகிறது. ஸ்வாப் என்பது, நினைவகத்தில் இடம் போதாதபோது உதவுவதற்காக வட்டில் ஒதுக்கி வைக்கப்பட்ட இடம். படிமம் முழுதும் எழுதி முடிந்ததும் அப்பகுதியின் முகப்பில் ஒரு முத்திரை இடப்படுகிறது. பின்னர் மின்சாரம் அணைகிறது.

விழிப்பு இதனினும் வியப்பானது. பொத்தானை அழுத்தியவுடன் எழுவது பழைய கெர்னல் அன்று. புதிய கெர்னல் ஒன்று. அதற்கு நேற்றைய ஆட்டம் தெரியாது. 'தாள் எங்கே உள்ளது?' என்பதை ரெஸ்யூம் என்னும் தொடக்கக் குறிப்பு அதற்குச் சொல்ல வேண்டும். அவ்விடத்தில் முத்திரையைக் கண்டால், அது முதலில் முத்திரையை நீக்குகிறது. ஒரே படிமம் இருமுறை பயன்படலாகாது என்பதே காரணம். பின்னர்ப் படிமத்தை நினைவகத்தில் ஏற்றி, சாதனங்களை அமைதிப்படுத்தி, தன் இடத்தைப் பழைய கெர்னலுக்கு விட்டுக்கொடுத்து மறைந்துவிடுகிறது. பழைய கெர்னல், இடையில் ஒன்றுமே நடவாதது போலத் தன் வேலையைத் தொடர்கிறது.

இத்தனை படிகளில் எது தவறினாலும், பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: 'கணினி விழிக்கவில்லை.' ஆகவே, நாம் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். கணினி உண்மையில் துயின்றதா? துயின்றதென்றால், விழிக்கும்போது தன் படிமத்தைக் கண்டதா? கண்டதென்றால், சாதனங்கள் அனைத்தும் உயிர்பெற்றனவா? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு அமைப்புகளை மாற்றத் தொடங்குவோர், இருட்டறையில் ஊசி தேடுவோரைப் போன்றவர் ஆவர்.

முதல் வினாவின் சிறப்பை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டை மடிக்கணினியில் எழுதிவந்தார். மூடியை மூடினால் நெடுந்துயில் கொள்ளுமாறு அதனை அமைத்திருந்தார். பகலில் மூடித் திறந்தால் நன்றாக விழித்தது. இரவில் மூடிப் பையில் வைத்தால், காலையில் பல வேளைகளில் எல்லாம் இழந்து புதிதாகத் தொடங்கியது. இருமுறை பல பக்கங்கள் போயின. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. விழிக்கும் முறையில்தான் பழுது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

நாங்கள் முந்தைய ஓட்டத்தின் குறிப்பேட்டைப் புரட்டினோம். கெர்னலும் பிற நிரல்களும் தாம் செய்வதை நேரத்துடன் குறித்து வைக்கும் ஏடு அது. ஜர்னல்சிடிஎல் என்னும் கட்டளை அதனைக் காட்டும். இரவு மூடியை மூடிய நேரத்தில், ஸ்வாப் பகுதியில் இடம் போதவில்லை என்ற செய்தி இருந்தது. அதைவிட முக்கியமானது அதன் பின்னர் இருந்தது. உறங்கியிருக்க வேண்டிய நேரத்திலும், வழக்கமான சிறு குறிப்புகள் மணிக்கு மணி தொடர்ந்து எழுதப்பட்டிருந்தன. உறங்குபவன் நாட்குறிப்பு எழுதுவானோ? கணினி துயிலவே இல்லை. துயில முயன்று, இடமின்றிக் கைவிட்டு, பைக்குள்ளேயே விழித்திருந்து, மின்கலம் தீர்ந்து அணைந்திருக்கிறது. பழுது விழிப்பில் இல்லை, துயிலில் இருந்தது.

பகலில் மட்டும் துயின்றது ஏன்? கணக்கைப் பாருங்கள். அக்கணினியின் நினைவகம் 8 ஜிகாபைட்; ஸ்வாப் 4 ஜிகாபைட். தனியே ஏதும் சொல்லாவிட்டால், படிமத்தின் அளவை நினைவகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்குள், அதாவது 3.2 ஜிகாபைட்டுக்குள் அடக்கவே கெர்னல் முயலும். பகலில் ஸ்வாப் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது, படிமம் அடங்கிற்று. இரவிலோ நாள் முழுதும் திறந்து வைத்த ஏடுகளும் வலைப்பக்கங்களும் சேர்ந்து ஸ்வாப்பில் பெரும்பகுதியை முன்னரே நிரப்பியிருந்தன. எஞ்சிய இடத்தில், சுருக்கி எழுதினாலும் படிமம் அடங்கவில்லை. 'சில நாள்' என்று அவர் சொன்னதன் உட்பொருள் 'ஸ்வாப் நிரம்பிய நாள்' என்பதாகும். நினைவகத்தைவிடப் பெரியதாக ஸ்வாப் பகுதியை அமைத்துக்கொண்ட பின், அக்குறை நீங்கிற்று. இடத்தைப் பெருக்க வழியில்லாதவர், படிமத்தின் அளவைக் குறிக்கும் இமேஜ்-சைஸ் என்னும் கோப்பில் சுழியம் எழுதி, இயன்ற மட்டும் சிறிய படிமம் எடுக்குமாறு கேட்கலாம்.

துயில் மறுக்கப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எல்லா நிரல்களையும் உறையச் செய்யக் கெர்னல் பொதுவாக 20 நொடிகள் காத்திருக்கும். அதற்குள் ஒரு நிரல் உறையாவிட்டாலும் முயற்சி கைவிடப்படும். கல்லூரியின் வழங்கிக் கணினியில் உள்ள கோப்புறை ஒன்றை வலைவழியே இணைத்து வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். கல்லூரியில் இருக்கும்வரை தொல்லை இல்லை. இணைப்பு அறுந்த நிலையில் துயிலச் சொன்னால், அக்கோப்புறையின் விடைக்காகக் காத்து நிற்கும் நிரல் உறைய மறுக்கலாம். அப்போது 'சில நாள்' என்பது 'சில இடம்' என்பதாகிவிடுகிறது.

இனி, இரண்டாவது வினா. கணினி துயின்றது, ஆனால் காலையில் புதிதாகத் தொடங்கிற்று. இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அப்டைம் என்னும் கட்டளை, கணினி தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைச் சொல்லும். விழிப்பு உண்மையானால் நேற்றைய கணக்குத் தொடரும்; படிமத்தைக் காணாது புதிதாகத் தொடங்கியிருந்தால் சில நிமிடங்களே காட்டும். அப்போது ரெஸ்யூம் என்னும் குறிப்பு எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்வாப் பகுதிக்கும் தனி அடையாள எண் உண்டு. அதே கணினியில் இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது, நிறுவும் நிரல் ஸ்வாப் பகுதியைப் புதிதாக வடிவமைத்தால் அவ்வெண் மாறிவிடும். வீட்டின் கதவு எண்ணை மாற்றிவிட்டு, பழைய முகவரிக்குக் கடிதம் எழுதிய கதையாகிவிடும் அது. தனிப்பகுதி இல்லாமல் ஒரு கோப்பையே ஸ்வாப்பாகப் பயன்படுத்துவோர், வட்டில் அக்கோப்பு தொடங்கும் இடத்தின் எண்ணையும் தருவது வழக்கம். கோப்பை அழித்து மறுபடி ஆக்கினால் அந்த எண்ணும் மாறக்கூடும்.

சில அமைப்புகளில் நெடுந்துயில் என்றுமே இயலாது. இசட்ராம் என்பது நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். மின்சாரம் அணைந்தால் அதுவும் அழியும். ஆதலின் படிமம் வைக்க உதவாது. ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய மறைசாவி கொண்டு பூட்டப்படும் ஸ்வாப்பும் அத்தகையதே. நேற்றைய சாவி இன்று இராது. செக்யூர் பூட் என்னும் காவல் ஏற்பாடு இயங்கும்போது, பல லினக்ஸ் வழங்கல்களில் லாக்டவுன் என்னும் காப்பு தானாகவே செயற்படும். 2019இல் வெளிவந்த 5.4 என்னும் கெர்னல் பதிப்பில் சேர்ந்த இக்காப்பு, நெடுந்துயிலை அனுமதிப்பதில்லை. இவை 'சில நாள்' பிழைகள் அல்ல, 'எந்நாளும்' பிழைகள். இவ்வேறுபாட்டை முதலிலேயே அறிந்துகொண்டால் வீணான உழைப்பு மிச்சமாகும்.

மூன்றாவது வினாவே கடினமானது. படிமம் ஏறியது, ஆனால் திரை இருண்டு கிடக்கிறது. அல்லது கணினி அசைவற்று நிற்கிறது. சாதனங்களின் இயக்கிகளில் ஒன்று தவறியிருக்கலாம். பல சாதனங்களில் எது என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? குறிப்பேடு இங்கு முழுமையாக உதவாது. ஏனெனில், குறிப்பு எழுதும் நிரலும் மற்றவற்றோடு சேர்ந்து உறைந்துவிட்டது. இக்குறையை நீக்கவே கெர்னலை ஆக்கியோர் ஓர் அரிய வழியை அமைத்திருக்கின்றனர். பிஎம்-டெஸ்ட் என்று அதற்குப் பெயர். உறங்கும் பாதையில் குறிப்பிட்ட ஒரு படிவரை மட்டும் சென்று, 5 நொடிகள் நின்று, திரும்பிவருமாறு கணினிக்கு அதன்மூலம் கட்டளை இடலாம். வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை, மின்சாரமும் அணைவதில்லை.

அப்படிகள் ஐந்து. ஃப்ரீசர் என்பதில் நிரல்களை உறையச் செய்வது மட்டும் சோதிக்கப்படும். டிவைசஸ் என்பதில் சாதனங்களும் சேரும். பிளாட்ஃபார்ம் என்பதில் கணினியின் நிலைபொருளுடன் பேசும் பகுதி சேரும். பிராசஸர்ஸ் என்பதில் ஏனைய செயலிகளை நிறுத்துவது சேரும். கோர் என்பதில் அடிப்படை உறுப்புகளும் சேரும். முதற்படி தேறி இரண்டாம் படி தவறினால், குற்றம் சாதனங்களில் என்பது உறுதி. அதன்பின், நீக்கத்தக்க இயக்கிகளில் பாதியை நீக்கிவிட்டுச் சோதிக்கலாம். பிழை மறைந்தால் குற்றவாளி நீக்கிய பாதியில் உள்ளது. மறையாவிட்டால் எஞ்சிய பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால், 64 இயக்கிகளில் ஒன்றை ஆறே சோதனைகளில் காணலாம். கணிதம் படித்தோர் இதன் அழகை உணர்வர்.

ஐந்து படிகளும் தேறிய பின்னும் பிழை இருந்தால், மின்சாரத்தை அணைக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம். படிமத்தை எழுதியபின், பிளாட்ஃபார்ம் முறை நிலைபொருளின் துணையுடன் அணைக்கும். ஷட்டவுன் முறை அத்துணையின்றி அணைக்கும். ரீபூட் முறை அணைக்காமலே மறுபடி தொடங்கச் செய்யும். பின்னிரண்டும் வென்று முதலாவது தவறினால், ஐயம் நிலைபொருளின்மேல் விழும்.

இவற்றாலும் பிடிபடாமல் கணினி உறைந்து நிற்குமாயின், பிஎம்-டிரேஸ் என்னும் இறுதிக் கருவி உண்டு. உறைந்த கணினியை அணைத்தால் நினைவகம் அழியும். வட்டில் எழுதவும் வழியில்லை. அப்படியானால் கடைசியாகத் தொட்ட சாதனத்தின் பெயரை எங்கே குறித்து வைப்பது? கணினிக்குள் சிறு மின்கலத்தால் ஓயாது ஓடும் கடிகாரம் ஒன்று உண்டன்றோ? பெயரைச் சுருக்கி எண்ணாக்கி, அக்கடிகாரத்தின் நாளும் நேரமுமாக எழுதிவிடுகிறார்கள்! மறுபடி தொடங்கியதும் கெர்னல் அவ்வெண்ணைப் படித்து, பொருந்தும் சாதனத்தின் பெயரைத் தெரிவிக்கும். கடிகாரம் தவறான நாளைக் காட்டும். அதனைப் பின்னர்த் திருத்திக்கொள்ள வேண்டும். சுவரில் எழுத இடமில்லாதவன் நாட்காட்டியில் குறித்து வைத்தது போன்ற இந்த உபாயம் எனக்கு என்றும் மகிழ்ச்சி தருவது.

சோதனைகளைச் செய்வோர் இரண்டு நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மூன்றை ஒருசேர மாற்றிப் பிழை நீங்கினால், நீக்கியது எது என்று தெரியாமலே போகும். அடுத்து, ஒருமுறை தேறியதைக் கொண்டு அமைதியடையாதீர். சில பிழைகள் இரண்டாம் முறை துயிலும்போதே தலைகாட்டும். பத்தில் மூன்று முறை தவறும் கணினி, தற்செயலாக நான்கு முறை தொடர்ந்து தேறிவிடக்கூடும். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்து நான்கு. ஆகவே வெறும் நினைவகத்தோடும் நிரம்பிய நினைவகத்தோடும், மின்னிணைப்போடும் அஃதின்றியும் பலமுறை சோதித்து, நாளும் நேரமும் சூழலும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. 'சில நாள்' என்னும் புதிர் அவ்வேட்டில்தான் அவிழும்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. விழிப்புத் தவறுவதால் இழப்பது, பெரும்பாலும், சேமிக்காத வேலை மட்டுமே. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நெடுந்துயிலில் இருக்கும் கணினியின் வட்டை, வேறு இயங்குதளத்தைத் தொடங்கியோ வேறு கணினியில் பொருத்தியோ திறந்து மாற்றினால் என்ன ஆகும்? சதுரங்கத் தாளை எழுதி வைத்தபின், வேறு இருவர் வந்து பலகையில் ஆடிவிட்டனர். மறுநாள் நாம் பழைய தாளை நம்பி ஆடத் தொடங்குகிறோம். எழுந்த கெர்னல், தான் அறிந்த பழைய நிலையே வட்டில் உள்ளது என்று நம்பி எழுதும், கோப்புமுறைமையே சிதைந்துபோகலாம். ஆகவே துயிலும் கணினியின் வட்டைத் தொடலாகாது. படிமம் வேண்டாம் என்று முடிவு செய்தால், நோ-ரெஸ்யூம் என்னும் குறிப்புடன் தொடங்கி, அப்படிமத்தை அடியோடு கைவிட்டுவிட வேண்டும். கெர்னலைப் புதுப்பித்த நாளில் நெடுந்துயிலுக்குப் போகாமல், ஒருமுறை முறைப்படி மூடித் தொடங்குவது நலம்.

மாணவ நண்பர்களே, லினக்ஸின் மூலநிரல் யாவரும் படிப்பதற்கு உரியது. நீங்கள் காணும் பிழையைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில், எந்தச் சூழலில் நிகழ்கிறது என்று தெளிவாக எழுதி அனுப்பினால், அதனை ஆக்கியோர் திருத்துவதற்கு அதுவே பேருதவியாகும். 'விழிக்கவில்லை' என்று மட்டும் எழுதுவது முறையீடு. 'ஸ்வாப் நிரம்பியபோது, படிமம் எழுதும் படியில் தவறுகிறது' என்று எழுதுவது அறிவு. அந்த அறிவு கைவரும்வரை, மூடியை மூடுமுன் உங்கள் வேலையைச் சேமித்துவிடுங்கள். கைவந்த பின்னும் சேமித்துவிடுங்கள்.